மீரா முகர்ஜியின் வழியில் இன்று யார் வருகிறார்கள்?

குடியாத்தம் பக்கத்தைச் சேர்ந்த, சிற்பம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். வகுப்பில் மீரா முகர்ஜியின் சிற்பங்கள் சிலவற்றைப் படத்தில் காட்டிய ஆசிரியர், "டோக்ரா பாணியில் செய்தவர், அவருக்குப் பிறகு அந்த வழியில் யாரும் வரவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாராம். (கிழக்கு, மத்திய இந்தியக் கிராமத்து வார்ப்பாளர்கள் மெழுகில் உருவம் பிடித்து உலோகத்தில் வார்க்கும் முறைக்குப் பொதுவாகச் சொல்லும் பெயர்தான் டோக்ரா.) அது உண்மையா, இன்றைய கலைஞர்கள் யாரிடமாவது அவருடைய தாக்கம் இருக்கிறதா, வேலூர் மாதிரியான ஊரில் இருந்துகொண்டு ஒரு பெண் உலோக வார்ப்பில் இறங்க முடியுமா என்று கேட்கிறார். நான் புரிந்துகொண்ட வரையில் இதற்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: ஒரு சிற்பி விட்டுச்சென்றது என்ன என்பதை எங்கே தேடுவது? அவரைப் போலவே சிற்பம் செய்கிறவர்களைத் தேடினால் உங்கள் ஆசிரியர் சொன்னது ஏறக்குறையச் சரி. அவர் வேலை செய்த விதத்தைத் தேடினால் அது சரியாகாது. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் சென்னைக் கவின்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவள். இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். காட்பாடிப் பக்கம் வீட்டுக் கொல்லையில் சிறு வார்ப்புகள் செய்துவருகிறேன். ஆகவே மெழுகு, மண், உலோகம் பற்றி உறுதியாகப் பேசுவேன். யாருடைய தாக்கம் யாரிடம் என்று நிறுவுவது கலை வரலாற்றாசிரியர்களின் வேலை. நான் அவர்களில் ஒருத்தி அல்ல. அந்த இடங்கள் வரும்போது இது என் ஊகம் என்று சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தியச் சிற்பத்தில் முகர்ஜி என்ற பெயரோடு மூன்று பெண்கள் இருக்கிறார்கள். சாந்திநிகேதனில் படித்து, நேபாளத்து மரச்சிற்பக் கலைஞரிடம் செதுக்கக் கற்ற லீலா முகர்ஜி ஒருவர். ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜியின் மனைவி. அவர்களுடைய மகள் மிருணாளினி முகர்ஜி, 1949-இல் பிறந்து 2015-இல் இறந்தவர். சாயமேற்றிய சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயர உருவங்களை எழுப்பியவர், பின்னாளில் சுடுமண்ணுக்கும் வெண்கலத்துக்கும் வந்தார். 2019-இல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகத்திலும் 2022-இல், ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியன்னாலேயிலும் அவருடைய சிற்பங்கள் வைக்கப்பட்டதால் இன்று உலகம் அவரைப் பேசுகிறது. நீங்கள் கேட்ட மீரா முகர்ஜி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல. இணையத்தில் தேடும்போது ஒருவருடைய படம் இன்னொருவர் பெயரில் வருவதை நானே பார்த்திருக்கிறேன். கயிறாக இருந்தால் மிருணாளினி, உலோக நூலால் பின்னியது போன்ற மேற்பரப்புள்ள மனித உருவமாக இருந்தால் அநேகமாக மீரா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீரா 1923-இல் கல்கத்தாவில் பிறந்தார். ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் வழிவந்த கீழைக் கலைக் கழகத்தில் இளம் வயதிலேயே சேர்ந்து, பிறகு டெல்லி பாலிடெக்னிக்கில் படித்தார். 1953-இல் உதவித்தொகை பெற்று ஜெர்மனியின் மியூனிக் கலைக் கழகத்துக்குப் போனார். ஓவியராகப் போனவர் அங்கே டோனி ஸ்டாட்லர் என்ற சிற்பியிடம் வந்து சேர்ந்து சிற்பியானார். 1956 வாக்கில் நாடு திரும்பியதும் பள்ளிகளில் கலை கற்பித்துப் பிழைத்தார். அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். 1961 முதல் 1964 வரை இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனத்துக்காக நாடெங்கும் சுற்றி, உலோக வேலை செய்யும் கைவினைஞர்களைப் பற்றிய ஆய்வை நடத்தினார். மத்திய இந்தியாவின் பஸ்தரில் கட்வா எனப்படும் வார்ப்புத் தொழிலாளர் குடும்பங்களோடு இருந்து அவர்களுடைய முறையை மாணவியாகக் கற்றார். ஐரோப்பாவில் பயிற்சி பெற்று, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நகரத்துப் பெண், பள்ளிக்கூடம் போகாத ஒரு வார்ப்பாளரின் முற்றத்தில் உட்கார்ந்து மெழுகு உருட்டக் கற்பது அன்றைக்குச் சாதாரணமான செயல் அல்ல. ஆய்வாளராகக் குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவரோ கையை அழுக்காக்கிக்கொண்டார்.

அவர் கற்றது என்ன என்று தெரிய, நம் பக்கத்து முறையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சுவாமிமலையில் ஸ்தபதிகள் முழு உருவத்தையும் மெழுகிலேயே பிடிக்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்த மெழுகு அது. அதன்மேல் காவிரி வண்டலை நைசாகக் குழைத்து முதல் பூச்சு, அதற்கு மேல் கொரகொரப்பான மண். காய்ந்த அச்சைச் சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, தனியாக மூசையில் உருக்கிய உலோகத்தை அந்த வெற்றிடத்தில் ஊற்றுகிறார்கள். வருவது பெரும்பாலும் கெட்டி வார்ப்பு. அதன் பிறகுதான் உளியும் அரமும் நாள்கணக்கில் வேலை செய்கின்றன. ஊற்றிய தடமே தெரியாமல் மழமழப்பாக்குவதில்தான் அங்கே தொழிலின் பெருமை இருக்கிறது.

பஸ்தரில் நடுவே உமியும் சாணமும் கலந்த மண் கரு இருக்கும். மெழுகைச் சிறு துளைகள் உள்ள மரக்குழலில் இட்டு முறுக்கு பிழிவதைப் போல நூல் நூலாகப் பிழிந்து, அந்தக் கருவைச் சுற்றி இழை இழையாகச் சுற்றுகிறார்கள். கண், நகை, தலைமயிர் எல்லாமே மெழுகு இழைதான். மேலே மண் பூசிய பிறகு மெழுகை வடிப்பதில்லை. சூட்டில் அச்சின் மண்ணே அதைக் குடித்துக்கொள்கிறது. இன்னொன்றும் உண்டு. பித்தளைத் துண்டுகளை அச்சின் வாயில் ஒட்டிய மண் கிண்ணத்துக்குள் இட்டு மூடிவிடுவார்கள். அச்சும் கிண்ணமும் ஒரே உடலாக உலைக்குள் போகும். உள்ளே உலோகம் உருகிவிட்டது என்று தீயின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, இடுக்கியால் தூக்கித் தலைகீழாகத் திருப்பி வைக்கிறார்கள். உலோகம் தானாக இறங்கி இழைகள் இருந்த இடத்தை நிரப்புகிறது. தனியாக ஊற்றுவது என்ற கட்டமே இல்லை. உள்ளே கரு இருப்பதால் வார்ப்பு கூடாக வரும், உலோகம் குறைவாகப் பிடிக்கும். பண வசதி இல்லாத ஒரு சிற்பி பெரிய உருவம் செய்ய நினைத்தால் இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிது என்று வார்ப்பு செய்தவர்களுக்குத் தெரியும்.

பஸ்தர் உருவங்கள் பெரும்பாலும் கையில் எடுக்கக்கூடிய அளவுதான். அந்த முறையை மீரா ஆளுயரத்துக்கும் அதற்கு மேலும் கொண்டுபோனார். டெல்லியில் ஐடிசி மௌரியா ஓட்டலில் இருக்கும் 'கலிங்கத்தில் அசோகர்' சிற்பம் மனித உயரத்தை மிஞ்சியது. போரின் அழிவைக் கண்டு நிற்கும் அசோகர் அவர். இந்த அளவில் அச்சைத் தூக்கித் திருப்பி வைக்க முடியாது. துண்டு துண்டாக வார்த்து இணைக்க வேண்டும், ஒவ்வொரு துண்டுக்கும் உலோகம் ஓடும் கால்களும் காற்று வெளியேறும் போக்கிகளும் தனியாக யோசிக்க வேண்டும். கிராமத்து முறையும் மியூனிக்கில் கற்ற பட்டறை அறிவும் அவருடைய கையில் ஒன்றானது இங்கேதான். அவரை 'டோக்ரா பாணிச் சிற்பி' என்று சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு இருக்கும் முக்கியமான ஆட்சேபமும் இதுதான். அவர் ஒரு பாணியை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தொழில்நுட்பத்தை அதன் எல்லைவரை போய்ப் பார்த்தார்.

மேற்பரப்பைப் பாருங்கள். மெழுகு இழையின் ஓட்டம், பட்டைகளின் விளிம்பு, துண்டுகள் சேர்ந்த தடம், உலோகம் கொஞ்சம் தயங்கி நின்ற குழி எல்லாம் அப்படியே இருக்கும். அரத்தைப் போட்டு அவர் அதை மறைக்கவில்லை. நெசவாளர்கள், மீனவர்கள், படகோட்டிகள், தைக்கும் பெண்கள், வங்காளத்தில் ஊர் ஊராகப் போய்ப் பாடும் பாவுல் பாடகர்கள் என்று அவர் எடுத்துக்கொண்ட மனிதர்கள் பெரும்பாலும் உழைப்பவர்கள் அல்லது பாடுகிறவர்கள். உழைப்பைச் சொல்லும் சிற்பத்தில் செய்தவரின் உழைப்பும் தெரியட்டும் என்பதை அவர் தெரிந்தேதான் செய்தார் என்று நான் நம்புகிறேன். இது என்னுடைய வாசிப்பு. ஆனால் அந்தச் சிற்பங்களின் அருகில் நின்றால் வேறு மாதிரி நினைப்பது கடினம். அவர் இந்துஸ்தானி இசை பயின்றவர் என்பதும் அந்த உடல்கள் வளைந்து நிற்கும் விதத்தில் தெரிகிறது.

இவ்வளவு செய்தவர் ஏன் ஓரத்தில் நிற்கிறார்? பெண் என்பதால் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், அதில் உண்மையும் இருக்கிறது. இன்னொரு காரணம் எனக்கு அதைவிட வலுவாகப் படுகிறது. நம் நாட்டில் சிற்பியின் பெயர் கல்லூரி வழியாகத்தான் கைமாறுகிறது. ராம்கிங்கர் பைஜை எடுத்துக்கொள்ளுங்கள். சாந்திநிகேதனில் அவரிடம் படித்த கே.எஸ். ராதாகிருஷ்ணன் பெரிய சிற்பியானார். 2012-இல் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் ராம்கிங்கரின் முழு வாழ்க்கைப் பணியையும் தொகுத்துக் காட்சி வைத்தவரும் அதே மாணவர்தான். சென்னையிலும் அதே கதைதான். தேவி பிரசாத் ராய் சௌத்ரி, பணிக்கர், தனபால் என்று ஆசிரியர்களின் பெயர்கள் இன்றும் வகுப்புகளில் ஒலிக்கின்றன என்றால் அவர்களுடைய மாணவர்கள் ஆசிரியர்களாகி, அந்த மாணவர்களும் ஆசிரியர்களானதுதான் காரணம். மீராவோ கற்பித்தது பள்ளிப் பிள்ளைகளுக்கு. பிறகு கல்கத்தாவின் தெற்கு ஓரத்தில், நரேந்திரபூர் அருகே எலாச்சி கிராமத்தில் உலை மூட்டி, அந்த ஊர்க்காரர்களையே உதவிக்கு வைத்துக்கொண்டு வேலை செய்தார். அவரிடம் வார்ப்பு கற்றவர்கள் கண்காட்சிக் குறிப்புகளில் "மீரா முகர்ஜியின் மாணவர்" என்று போட்டுக்கொள்கிறவர்கள் அல்லர்.

இதோடு 'நாட்டுப்புறக் கலை' என்ற முத்திரையும் சேர்ந்துகொண்டது. ஆண் ஓவியர் ஒருவர் கிராமியப் படத்திலிருந்து கோடுகளை எடுத்தால் அதை நவீனம் என்று எழுதினார்கள். பெண் ஒருவர் கிராமத்து வார்ப்பாளரிடம் கற்றுச் செய்தால் அதைக் கைவினை என்றார்கள். 1968-இல் அவருக்குக் கிடைத்த குடியரசுத் தலைவர் விருதே சிறந்த கைவினைஞர் என்ற பிரிவில்தான். அதை அவர் குறைவாக நினைத்திருக்க மாட்டார். கைவினைஞர் என்ற பெயருக்கு அவரைவிட மரியாதை கொடுத்தவர் யார்? ஆனால் கலை விமர்சனம் அதை வைத்து அவரை வேறு அறைக்கு அனுப்பிவிட்டது. 1992-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெரிய புத்தர் உருவம் ஒன்றில் ஈடுபட்டிருந்த காலத்தில், 1998-இல் இறந்தார்.

இனி, அவர் விட்டுச்சென்றது. ஐயத்துக்கு இடமில்லாதது அவருடைய எழுத்து. கிழக்கு இந்தியாவின் உலோகக் கைவினை பற்றி 1977-இலும், இந்தியா முழுவதிலும் உள்ள உலோகக் கைவினைஞர்கள் பற்றி 1978-இலும் அவருடைய நூல்கள் வந்தன. விஸ்வகர்மாவின் வழிவந்தவர்களைத் தேடிய பயணத்தை 1994-இல் எழுதினார். பொருளைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்; செய்கிறவரைப் பற்றி, செய்யத் தெரிந்த ஒருவர் எழுதியது அரிது. வார்ப்பு முறைகளை ஆராய்கிறவர்கள் இன்றும் அந்தப் பக்கங்களைப் புரட்டித்தான் ஆக வேண்டும். சிற்பி விட்டுச்சென்றவற்றின் பட்டியலில் நூலைச் சேர்ப்பார்களா என்று கேட்காதீர்கள். மீராவிடம் அந்த எழுத்தும் அந்தச் சிற்பமும் ஒரே வேலையின் இரண்டு முகங்கள்.

இரண்டாவது, கைவினைஞரைக் கூலியாளாக அல்லாமல் உடன் செய்கிறவராக வைக்கும் முறை. தன் வேலையிடத்தைச் சுற்றியிருந்த கிராமத்துப் பிள்ளைகளின் ஓவியங்களிலிருந்து பெண்கள் காந்தா என்ற வங்காளத்துத் துணித் தையல் வேலை செய்யவும் மீரா வழி செய்தார். இன்று இந்த முறையில் யார் இருக்கிறார்கள் என்றால் நான் முதலில் சொல்வது நவ்ஜோத் அல்தாஃப். மும்பைக் கலைஞரான அவர் 1997 முதல் பஸ்தரின் கொண்டாகாவுக்குப் போய், ராஜ்குமார் கோராம், சாந்திபாய், கெஸ்ஸுராம் விஸ்வகர்மா போன்ற ஆதிவாசிக் கலைஞர்களோடு சேர்ந்து, அவர்களுடைய பெயர்களையும் போட்டே வேலை செய்துவருகிறார். ஊர்க் குழாயடிகளைச் சுற்றி நள்பார் என்ற பெயரில் அவர்கள் கட்டிய இடங்களும், பிள்ளைகளுக்கான பில்லா குடிகளும் வழக்கமான சிற்பம் என்ற எல்லைக்குள் அடங்காதவை. நவ்ஜோத் இதை மீராவிடமிருந்து எடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய அரசியலும் பெண்ணியமும் வேறு ஊற்றிலிருந்து வந்தவை. 1982-இல் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் திறக்கப்பட்டு, ஓவியர் ஜெகதீஷ் சுவாமிநாதன் ஆதிவாசிக் கலையையும் நகரக் கலையையும் ஒரே கூரையின்கீழ் வைத்ததும் நடுவில் இருக்கிறது. என்றாலும், பஸ்தருக்கு ஒரு பெண் சிற்பி மாணவியாகப் போய்வந்தது இவை எல்லாவற்றுக்கும் பல ஆண்டுகள் முன்பு. முதலில் நடந்தவரின் பெயரைச் சொல்லாமல் அந்தப் பாதையின் கதையைச் சொல்ல முடியாது.

மூன்றாவதாக நான் சொல்லப்போவது முழுக்க என் ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கலைஞர் ஒருவரைச் சொல்கிறேன். பெனிதா பெர்சியல் 1978-இல் திருவண்ணாமலையில் பிறந்தவர். 1989 வரை திருவண்ணாமலை நம் வட ஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது என்பதால் நம்மவர் என்று உரிமையோடு சொல்லலாம். சாம்பிராணி, வெள்ளைப்போளம், இலவங்கம், பட்டை போன்றவற்றை அரைத்துப் பிசைந்து உருவங்கள் செய்கிறார். 2014-ஆம் ஆண்டுக் கொச்சி பியன்னாலேயில் கிறிஸ்தவ மரபின் உருவங்களை அவர் இப்படிச் செய்து வைத்திருந்தார். உருவத்தைக் கண் பார்ப்பதற்கு முன்பே மூக்கு அறிந்துகொள்ளும். வீட்டிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் புழங்கும் பொருளை, அதன் இயல்பைக் கெடுக்காமல், தன் கையாலேயே பதப்படுத்திச் சிற்பமாக்குவது என்ற வகையில் இவரை மீராவின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. நேர்த் தொடர்பு உண்டு என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஒரே மாதிரியான பிடிவாதம் இரண்டு இடங்களில் தனித்தனியாக முளைப்பதும் உண்டு.

தாக்கம் என்ற பெயரில் நடக்கும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது என்னைக் கோபப்படுத்துகிறது. பித்தளையில் இழை ஓடிய மாதிரி ரப்பர் அச்சில் எடுத்து, 'பழங்குடிப் பாணி' என்று ஓட்டல் வரவேற்பறைகளுக்கு விற்கிறார்கள். அதில் இழையைச் சுற்றிய கை ஒன்றுமே இல்லை. அதைவிட மோசமானது, கலைக்கூடத்தில் தன் பெயரில் சிற்பம் வைப்பவர், அதை உண்மையில் வார்த்துத் தந்த பட்டறையின் பெயரை எங்கேயும் போடாமல் இருப்பது. மீராவின் மேற்பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய நடத்தையை விட்டுவிட்டவர்கள் இவர்கள். "அவர் வழியில் யாரும் வரவில்லை" என்று உங்கள் ஆசிரியர் இவர்களை நினைத்துச் சொல்லியிருந்தால் அவரோடு நானும் சேர்ந்துகொள்வேன்.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து முடிக்கும் நாளில் படுகளம் நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பெரிய சிற்பம் ஒரே நாளில் எழுந்து அதே நாளில் மறைவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மைதானத்தில் மண்ணைக் குவித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து அடித்து இறுக்கி, மல்லாந்து கிடக்கும் துரியோதனனை உருவாக்குகிறார்கள். பார்வையாளர்கள் அவன் பக்கவாட்டில் நடந்துதான் தலையிலிருந்து காலுக்குப் போக வேண்டும், அவ்வளவு நீளம். கையையும் காலையும் மண்வெட்டியால் வழித்து ஒதுக்கியவர்கள் முகத்துக்கு வந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உள்ளங்கையால் தேய்க்கத் தொடங்குவார்கள். மூக்கு மட்டும் தனியாகப் பிசைந்த மண். வெயிலில் வெடிக்காமல் இருக்க அதற்குக் கொஞ்சம் வேறு பதம். பிறகு வண்ணம், மீசை, விழித்த கண். தொடைக்குள் சிவப்பு நீர் வைத்திருப்பார்கள். பீமன் வேடம் கட்டியவர் கதாயுதத்தால் அடித்ததும் அது பீறிட, பாஞ்சாலி கூந்தலை முடிகிறாள். சற்று நேரத்தில் ஊர்ப் பெண்கள் அந்த மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாக வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள்.

கூத்தாடியவரின் பெயர் நோட்டீசில் இருக்கும், பாரதம் சொன்னவரின் பெயர் இருக்கும், உபயம் செய்தவரின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். துரியோதனனைச் செய்தவரின் பெயர் இருக்கும் நோட்டீசை நான் பார்த்ததில்லை. மீரா இங்கே வந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். எந்த ஏரியின் மண், எந்தப் பதம், யாரிடம் கற்றீர்கள், வீட்டுப் பெண்கள் இதில் எந்த வேலையைச் செய்கிறார்கள், என்ன கூலி தருகிறார்கள், பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்களா? அடுத்த பங்குனியில் தொடங்கும் திருவிழாக்களில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு படுகளத்துக்குப் போய், முந்தின நாளே அங்கே உட்கார்ந்து, இவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். காரிகிரியில் பச்சையும் நீலமுமாக மெருகு பூசிய பானைகள் செய்யும் மரபைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேட்கலாம். கல்லூரி ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால் இதைவிட நல்லது கிடைக்காது.

கடைசியாக, பெண் வார்ப்பில் இறங்க முடியுமா என்பது. முடியும். ஆனால் தடை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இளம் வயதில் ஒரு பட்டறையில் பழகப் போனேன். மெழுகு பிடிக்க, மண் பூச, விறகு அடுக்க எல்லாவற்றுக்கும் என் கை வேண்டியிருந்தது. உலோகம் ஊற்றும் நேரம் வந்தபோது, "அம்மா, நீங்க அப்படி நில்லுங்க" என்று திண்ணைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். உலை அருகே பெண் நிற்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. நான் சண்டை போடவில்லை. வீட்டுக் கொல்லையில் என் சொந்த உலையை மூட்டினேன். நீங்களும் சிறிதாகத் தொடங்கலாம், அதற்கு வேண்டியதெல்லாம் வேலூரைச் சுற்றியே கிடைக்கிறது. ஜவ்வாது மலையில் தேன் எடுக்கிறவர்களிடம் தேன்மெழுகு, கோடையில் வற்றும் எந்த ஏரியிலும் வண்டல், லாங்கு பஜாரின் பாத்திரக் கடைகளில் பழைய பித்தளை.

இரண்டு எச்சரிக்கைகளைத் தள்ளிவைக்கக் கூடாது. பித்தளையில் துத்தநாகம் இருக்கிறது, அது 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வெள்ளைப் புகையாக வெளியேறும். பித்தளை நன்றாக ஓடுவதற்கு அதைவிட அதிகச் சூடு வேண்டும். ஆகவே பித்தளையை ஓடவிடும் சூட்டில் அந்தப் புகை தப்பாமல் வரும். அதை மூச்சில் இழுத்தால் அன்று இரவே குளிரும் காய்ச்சலும் வரும். திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். துணியைக் கட்டிக்கொள்வது போதாது, உலோகப் புகைக்கென்று விற்கும் முகமூடி வேண்டும். அடுத்தது ஈரம். அச்சில் சொட்டு ஈரம் இருந்தாலும் உருகிய உலோகம் பட்டதும் அது நீராவியாகி வெடித்து உலோகத்தை முகத்தில் அடிக்கும். நிழலில் நன்றாகக் காயவிட்டு, பிறகு அச்சையும் சிவக்கச் சுட்ட பிறகே உலோகம். ஐப்பசி, கார்த்திகையில் வார்ப்பு வேலையே வேண்டாம். பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு ஒன்று என்று தனி விதி கிடையாது. புடவையோ துப்பட்டாவோ மட்டும் உலைப் பக்கம் கூடாது, அதுவும் செயற்கை நூல் என்றால் கூடவே கூடாது.

பயிற்சிக்கு உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம் போதும். பஸ்தர் முறையில் மண் கரு வைத்து இழை சுற்றி ஒன்றும், சுவாமிமலை முறையில் முழு மெழுகில் ஒன்றும் செய்து பாருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்துக்கு ஒருமுறை போய்வந்துவிட்டுச் செய்தால் இன்னும் நல்லது. மீராவின் சிற்பங்களை நேரில் பார்க்க டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தின் சேகரிப்பைத் தேடுங்கள். முதல் வார்ப்பு விரலோ காதோ நிறையாமல்தான் பெரும்பாலும் வரும். அச்சு குளிர்ந்திருந்ததா, காற்றுப் போக்கி அடைத்துக்கொண்டதா என்பது உடைத்த அச்சின் உட்புறத்தைப் பார்த்தால் தெரியும். அதைத் தூக்கிப் போட்டுவிடாமல் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், எங்கே தடைப்பட்டது என்று பார்த்துச் சொல்கிறேன்.